ஒரே டிரான்ஸ்பார்மரை நம்பியிருக்கும் ஊருக்கு மாற்று மின்வழி கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: ஊர்ப் பொதுமக்கள் சார்பில், செட்டிநாட்டுப் பகுதி, சிவகங்கை மாவட்டம்.
பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், மின் பகிர்மானம்.

பொருள்: துணை மின் நிலையத்துக்கு இரண்டாவது பவர் டிரான்ஸ்பார்மர் அல்லது மாற்று பீடர் (மின்சாரம் கொண்டுவரும் லைன்) இணைப்பு வேண்டுதல்.
பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஊருணிக்கரைத் துணை மின் நிலையத்தைத் தாங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்கள். அதில் இருப்பது ஒரே டிரான்ஸ்பார்மர். மூன்று மனுவுக்கும் பதில் இல்லை. நேரில் கேட்டபோது, வருஷத்தில் நாலு நாள் தேவைக்கு இன்னொரு டிரான்ஸ்பார்மரை வைத்தால் அதில் போட்ட பணம் முடங்கும் என்றார்கள். அதைப் பற்றித் தங்கள் மேலான கவனத்துக்கு:

1. சராசரி லோடை (மின் தேவையை) வைத்துப் போடும் கணக்கு எங்கள் ஊருக்குப் பொருந்தாது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. படைப்பு (முன்னோருக்குப் படையல் இடும் விழா), கல்யாணம் என்றால் சென்னை, சிங்கப்பூரிலிருந்து எல்லோரும் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள். அத்தனை ஏசியும் சாயங்காலம் ஒன்றாக ஓடும். மின் கையிருப்பை அந்த உச்ச நேரத்தை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

2. என் ஆத்தாவுக்கு வயது 81. நுரையீரல் நோய், இரவு முழுக்க ஆக்சிஜன் மெஷின் ஓட வேண்டும். அது 350 வாட் இழுக்கும். போன மே மாதம் பங்காளி வீட்டுப் படைப்பன்று இரவு எட்டு மணிக்கு டிரான்ஸ்பார்மர் பழுதானது. பதினொன்றரைக்கு எங்கள் இன்வெர்ட்டர் நின்றது. இருந்த சின்ன சிலிண்டர் இரவு ஒன்றேகால் மணி வரை வந்தது. வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) கட்டிலைப் போட்டு, மாற்றி மாற்றி விசிறினோம். விசிறியால் என்ன ஆகும் ஐயா? ஆத்தாவின் உதடு நீலம் பாரித்தது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரை நாலு பேர் தூக்கி வந்து மாட்டியதால் இன்று ஆத்தா இருக்கிறார்கள். லைன்மேன் பாவம், தூங்காமல் நின்றார். மாற்றிக் கொடுக்க வேறு லைன் இருந்தால்தானே? கரண்ட் வந்தது விடிகாலை நாலு மணிக்கு.

3. பணம் முடங்கும் என்கிறீர்கள். எங்கள் தெருவில் ஆளிருக்கும் பதினோரு வீட்டிலும் இன்வெர்ட்டர். நாலைந்து வருஷத்துக்கு ஒரு பேட்டரி. கல்யாண வீட்டுக்கு டீசல் ஜெனரேட்டர் வாடகை. இதெல்லாம் முடங்கிய பணம் இல்லையா? அலுவலகம் மிச்சம் பிடிப்பதை நாங்கள் வீடு வீடாகக் கட்டுகிறோம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு எது சிக்கனம் என்று சொல்லுங்கள். இரண்டாவது டிரான்ஸ்பார்மருக்கு இப்போது நிதி இல்லையா, சரி. பக்கத்துத் துணை மின் நிலையத்தின் 11 கே.வி. பீடர் கண்மாய்க்கரையில் கூப்பிடு தூரத்தில் முடிகிறது. இணைக்கத் தேவை சில கம்பங்கள், கம்பி, லைனை மாற்றிவிட ஒரு ஏ.பி. சுவிட்ச். முழு லோடையும் அது தாங்காது, தெரியும். தெருவுக்கு இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துக் கொடுத்தாலும் பேட்டரி ஓரளவாவது ஏறும். ஏசி கேட்கவில்லை ஐயா, மூச்சு கேட்கிறோம்.

4. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னிந்திய மின்கட்டத்தை நாட்டின் மற்ற கட்டங்களோடு இணைத்தார்கள். ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் கைகொடுக்கத்தானே? எங்களுக்கு ஒரு கண்மாய்க்கரை தூரம் அதிகமா?

5. இதற்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த கோடைக்குள் பீடர் இணைப்பையாவது கொடுங்கள். தாங்களே வந்து இடத்தைப் பாருங்கள், நாங்கள் கூட வருகிறோம். கோடைக்குள் வேண்டும் ஐயா.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்