கேடயத்தில் இரண்டு பெயர்களுக்கு இடம் விடுங்கள்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழக, கல்லூரி உளவியல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனையொன்றின் மனநலப் பிரிவில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். உங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் பயிற்சிக்கு வந்து நிற்பது என் மேசைக்கு முன்னால்தான். உளவியல் கல்வியிலும் பயிற்சியிலும் ஒருவரோடொருவர் கைகோத்து உழைப்பவர்களுக்கென்று ஒரு விருதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்படுத்த வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

விருது என்றதும் சலிப்பாக இருக்கும். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் நம் கருத்தரங்குகளில் என்ன பஞ்சம்? ஆனாலும் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு முதுகலை மாணவி ஒருவர் முப்பது நாள் பயிற்சிக்கு வந்தார். செய்முறை ஏட்டில் பத்து நோயாளர்களின் வரலாறு இருக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. மாணவர்களை நோயாளர் அருகே உட்காரவைக்கக் கூடாது என்பது எங்கள் பிரிவின் வழக்கம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது என்று அங்கிருப்பவரும் இங்கிருப்பவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பெண் என்ன செய்வார்? மூத்த மாணவர்களின் ஏட்டைப் பார்த்துப் பத்து வரலாறுகளையும் எழுதி முடித்தார். தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் நான்.

மறு ஆண்டு அதே கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியை தொலைபேசியில் அழைத்தார். “சார், உண்மையிலேயே எத்தனை பேரை உங்களால் பார்த்துக்கொள்ள முடியும்?” அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. மூன்று பேர் என்றேன். மூன்று பேரைத்தான் அனுப்பினார். பத்து வரலாறுகளை நான்காகக் குறைக்கத் தன் துறையில் வாதாடினார். நான் என் மருத்துவர்களிடம் பேசி, நோயாளர் சம்மதித்தால் மாணவர்கள் அருகே உட்காரலாம் என்று அனுமதி வாங்கினேன். அந்தப் பேராசிரியை சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து எங்களோடு நோயாளர் விவாதத்தில் உட்காருவார். எங்களிடம் இல்லாத நுண்ணறிவுச் சோதனைப் பெட்டியைத் துணிப்பையில் தூக்கி வருவார். பினே-காமத் பெட்டி கனமானது. பதவி உயர்வுப் படிவத்தில் இந்தச் சனிக்கிழமைகளை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நடுவே உள்ள இந்த விரிசல் பழையது. இந்தியாவில் உளவியல் 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தனித் துறையானது. மருத்துவ உளவியல் பயிற்சியோ 1955-இல் பெங்களூரில், பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆன நிறுவனத்தில், மனநல மருத்துவமனையை ஒட்டித் தொடங்கியது. படிப்பு ஒரு வீட்டில், தொழில் இன்னொரு வீட்டில். நடுவில் மாணவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போது வாசல்களும் பெருகிவிட்டன. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் மறுவாழ்வுக் கவுன்சில் ஒருபுறம், உளவியலாளர்களையும் உள்ளடக்கி 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் மறுபுறம். எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திய பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை தவணை கொடுத்தது. 2025-இல் தொலைநிலை வழியாக உளவியல் படிப்பதையும் நிறுத்தியது. “அடுத்து எதில் சேர வேண்டும் சார்?” என்று மாணவர்கள் கேட்கும்போது, கல்லூரியும் மருத்துவமனையும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

சேர்ந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2012-இல் அங்கே உளவியல் முனைவர் பட்ட மாணவர்களுக்கான உள்ளுறைப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) இடங்கள், விண்ணப்பித்தோரைவிட ஆயிரத்துக்கும் மேல் குறைவு. படிப்பை முடிக்க முடியாமல் பலர் தவித்தார்கள். பல்கலைக்கழகங்களும் பயிற்சி மையங்களும் ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். அவற்றின் மன்றங்கள் ஒரே மேசைக்கு வந்தன. அமெரிக்க உளவியல் சங்கம் புதிய மையங்களுக்குப் பணம் ஒதுக்கியது. 2018-இல் விண்ணப்பங்களைவிட இடங்கள் அதிகமாகிவிட்டன. இதில் எந்தத் தனிமனிதருக்குக் கேடயம் கொடுப்பது?

அதனால்தான் சொல்கிறேன், இந்த விருதைத் தனி ஆளுக்குக் கொடுக்காதீர்கள். கல்லூரியில் ஒருவர், மருத்துவமனையிலோ பள்ளியிலோ ஒருவர் என்று இணைத்தே கொடுங்கள். அவர்களிடம் பயின்ற மாணவர்கள் பரிந்துரைக்கட்டும். கட்டுரை எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். மாணவர் எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். பரிசுத் தொகைக்குப் பதிலாக ஒரு சோதனைப் பெட்டியும், சனிக்கிழமைகளைப் பணிநேரமாகக் கணக்கிடும் ஓர் ஆணையும் போதும். இன்னொன்று, முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் துறைத் தலைவர்கள் யாரும் இதை வாங்க வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பேராசிரியை வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஜூன் மாதத்தில் பயிற்சிக்கு வரப்போகும் மாணவர்கள் மூன்று பேரா, பதினொரு பேரா, யாரிடம் கேட்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. அந்தப் பெட்டியும் கல்லூரிக்குச் சொந்தமானது.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ உளவியலாளர்