கைவேலை யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழலையர் வகுப்பில் கொடுக்கும் கைவேலையைப் பல வீடுகளில் பெற்றோரே செய்து முடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், சரி. குழந்தையின் கைக்கு என்ன கிடைத்தது? ஜெர்மனியில் 1837இல் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் தொடங்கிய, பின்னர் கிண்டர்கார்டன் எனப் பெயர்பெற்ற பள்ளி வழியில் காகிதம் மடிப்பதும் பின்னுவதும் பாடமாகவே இருந்தன.

மூன்று வயதுக்குக் காகிதத்தைக் கிழித்து ஒட்டுவதே நல்ல தொடக்கம். கிழிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் செய்யும் வேலைதான் பின்னால் பென்சில் பிடிக்க உதவும். அப்புறம் முனை மழுங்கிய கத்தரிக்கோல். முதலில் நேர்கோடு, பிறகு வட்டம். கத்தரியை அல்ல, காகிதத்தைத் திருப்ப வேண்டும் என்பதைக் கொஞ்சம் பொறுத்தால் குழந்தையே கண்டுபிடித்துவிடும். மேசையில் பசை ஒட்டும்தான், துடைத்துக்கொள்ளலாம். பள்ளிகளும் கோணல்மாணலான வேலையைச் சுவரில் மாட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்