விக்லோ மலையில் மாமல்லபுரத்து உளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வெளியான அயர்லாந்துப் பயணக் கட்டுரையில் விக்லோ மலைப் பகுதிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். டப்ளினில் வசிக்கும் எனக்கு அதைத் தமிழில் படிக்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் ரவுண்ட்வுட் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ‘விக்டர்ஸ் வே’ பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் ‘மலையடிவாரத்தில் ஒரு விநாயகர் கோயில்’ என்று. அது கோயில் இல்லை. அங்கே பிரதிஷ்டையும் பூஜையும் நடந்ததில்லை.

1989-ல் தனிமனிதர் ஒருவர் தம் சொந்த நிலத்தில், சுமார் 22 ஏக்கரில் தொடங்கிய சிற்பப் பூங்கா அது. ‘இந்தியச் சிற்பப் பூங்கா’ என்றே பல காலம் அழைக்கப்பட்டது. மனித மனம் சிதறுவது, தேங்குவது, பிறகு விழிப்பது என்ற பாதையைச் சிலைகளால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதுதான் உரிமையாளரின் எண்ணம். கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங்குக்கு அதை அர்ப்பணித்திருந்தார் என்பது இன்னொரு வியப்பு. நம் கட்டுரையாளர் அதையும் விட்டுவிட்டார். சரி, அது போகட்டும். அந்தப் பெரிய கருங்கல் சிற்பங்கள் மாமல்லபுரத்தில் செதுக்கப்பட்டுக் கடல் கடந்து போனவை என்பதைத் தமிழ் இதழ் ஒன்று எப்படிச் சொல்லாமல் விடலாம்? அதுதான் எனக்கு ஆற்றவில்லை.

குழலூதும் பிள்ளையார், மத்தளம் கொட்டும் பிள்ளையார், நடனமாடும் பிள்ளையார் என்று அங்கே வரிசையாக நிற்பதைப் பார்த்து ‘கோயில்’ என்று எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. பிள்ளையார் நம் ஸ்தபதிகளுக்குக் கைப்பழக்கம். தாலமானக் கணக்கு, அதாவது உருவத்தின் உறுப்புகளுக்கான அளவு விகிதம், மனதில் இருக்கும், கல்லில் கோடு போட்ட உடனேயே தொந்தி எங்கே, துதிக்கை எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அதே பூங்காவில் தன்னைத் தானே இரண்டாகப் பிளந்துகொள்ளும் மனிதன் இருக்கிறான். குளத்து நீரில் பாதி மூழ்கி, எலும்பும் தோலுமாக, கரையேற முடியாமல் கிடக்கும் ஓடக்காரன் இருக்கிறான். பட்டினி கிடந்து விலா எலும்பு துருத்திய புத்தர் இருக்கிறார். அந்தப் புத்தர் நம் பக்கத்து மரபே இல்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள காந்தாரச் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்கு அது எந்த வழியில் வந்த உருவம் என்று புரியும். கோயில் மரபில் இல்லாத இப்படிப்பட்ட உருவங்களை மேலைநாட்டுக்காரர் ஒருவர் விளக்கிச் சொல்ல, அதைக் காதில் வாங்கிக் கல்லில் கொண்டுவருவது லேசான காரியமா? பட்டறைக்காரர்கள் பழைய அச்சையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று சொல்பவர்கள், அந்த ஓடக்காரனின் படத்தையாவது ஒரு முறை பார்க்க வேண்டும்.

கட்டுரை சொன்ன மற்ற இடங்களில் எனக்குக் குறை இல்லை. கிளென்டலாக் அவசியம் பார்க்க வேண்டிய ஊர்தான். ஆறாம் நூற்றாண்டில் துறவி கெவின் நிறுவிய மடம், சுமார் 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம், மேலே இரண்டு ஏரிகள். கெவின் 618-ல் மறைந்தார் என்பது மரபு. அப்போது நம் தமிழ்நாட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம், பாறையைக் குடைந்து கோயில் செய்யத் தொடங்கியிருந்தோம். பவர்ஸ்கோர்ட் மாளிகை 1974-ல் தீப்பிடித்து எரிந்ததையும் அதன் 121 மீட்டர் அருவியையும் சொல்லியிருந்தீர்கள். டே ஏரியையும் சொன்னீர்கள். ரவுண்ட்வுட்டை ஒட்டிய வார்ட்ரி நீர்த்தேக்கத்தைச் சேர்த்திருக்கலாம், 1860-களிலிருந்து டப்ளினுக்குக் குடிநீர் தருவது அது.

அப்புறம் ஒன்று. விக்லோ மலையே கருங்கல் மலை. டப்ளினின் பழைய கட்டடங்கள் பலவற்றுக்குக் கல் போனது இங்கிருந்துதான். பாலிநாக்கன் என்று ஒரு கல்தச்சர் கிராமமே அங்கே உண்டு, வீடு, மதில் எல்லாம் அந்த வெளிர் சாம்பல் கல்தான். கல் விளையும் ஊருக்கே இன்னொரு கல் விளையும் ஊரிலிருந்து சிலை வந்து இறங்கியிருக்கிறது. இந்த இரண்டு ஊர்க் கல்தச்சர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கட்டுரை வந்தால் நான் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கட்டுரையை நம்பிக் கிளம்ப நினைக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. விக்டர்ஸ் வே இப்போது பழைய சிற்பப் பூங்கா இல்லை. குடும்பத்தோடு வந்து விளையாடிப் போகும் இடமாக மாறிவிட்டது என்று உரிமையாளர் வருந்தி 2015-ல் அதை மூடினார். 2016-ல் திறந்தபோது தியானத் தோட்டமாக, 28 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும் என்று விதி வைத்தார். அது அவர் நிலம், அவர் எண்ணம், அதில் எனக்கு வருத்தமில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ‘கோயிலுக்கு’ என்று போய் நிற்காதீர்கள். முன்கூட்டியே விசாரியுங்கள், வாயில் பூட்டியிருந்தால் வேலி தாண்டாதீர்கள். டப்ளினிலிருந்து கிளென்டலாக் போகும் பேருந்து ரவுண்ட்வுட் வழியாகத்தான் போகிறது, பயணம் வீணாகாது.

அந்தத் தோட்டம் பார்வையாளர்களுக்கு எப்படி மாறினாலும், அங்கே நிற்பது யார் கை வேலை என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 133 அடி வள்ளுவர் சிலை என்றதும் கணபதி ஸ்தபதியின் பெயர் நினைவுக்கு வருகிறது. ஆனால் வெளிநாட்டுக்குப் போன பெரும்பாலான கற்சிலைகளில் செதுக்கியவர் பெயர் இருப்பதில்லை. பெயர் பொறிக்காமல் விடுவது நம் சிற்பிகளின் வழக்கம், அதை அடக்கம் என்று நாம் பாராட்டியே பழகிவிட்டோம். மாமல்லபுரத்தை உலகக் கைவினை மன்றம் 2015-ல் கற்சிற்ப நகரமாக அறிவித்தது, 2017-ல் புவிசார் குறியீடும் வந்தது. ஊருக்குப் பெயர் கிடைத்ததில் பெருமைதான். விக்லோ சிலைகளுக்குக் கல் தேர்ந்தவர், வெட்டியவர், கண்ணும் விரல் நகமும் செதுக்கியவர், மெருகேற்றியவர் என்று எத்தனை பேர் கை பட்டிருக்கும்! அன்று இளைஞர்களாக உளி பிடித்தவர்களுக்கு இப்போது வயதாகியிருக்கும்.

உங்கள் செய்தியாளர் ஒருவர் மாமல்லபுரம் பட்டறைகளுக்குப் போய் அவர்களைத் தேடிப் பேச வேண்டும். அந்த ஓடக்காரனின் உருவத்தை எப்படி விளக்கினார்கள், எந்தப் படத்தைப் பார்த்து வேலை தொடங்கியது, எத்தனை பேர் சேர்ந்து செய்தார்கள், சிலை எப்படிப் பெட்டியில் ஏறியது என்றெல்லாம் கேட்டு, பெயரோடும் படத்தோடும் வெளியிடுங்கள். அடுத்த இதழில் ‘கோயில்’ என்ற பிழைக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டப்ளின்