பலகையில் துறையையும் எழுதுவியுங்கள்

ஆயுர்வேத மருத்துவ சபையினருக்கும் வடக்கு மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு படலையில் 'மூலிகை வைத்தியர்' என்று பலகை தொங்கினால், உள்ளே இருப்பவர் கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவராக இருக்கலாம். தகப்பனிடம் முறிவு நெரிவு மட்டும் பழகிய பரம்பரை வைத்தியராக இருக்கலாம். சரக்குக் கடைக்காரராகவும் இருக்கலாம். வருத்தக்காரருக்கு அது தெரிய வழியில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவில் பொது வைத்தியம் வேறு. முறிவு, விஷக்கடி, கண் போன்ற தனித்துறைகள் வேறு. அந்தப் பிரிவு பதிவேட்டோடு நின்றுவிடுகிறது, படலைக்கு வருவதில்லை.

நாங்கள் கேட்பது இதுதான்: பெயர்ப்பலகையிலும் மருந்துத் துண்டிலும் பெயருக்குக் கீழே பதிவிலக்கம், துறை, பட்டம் இருந்தால் அதன் முழுப் பெயர். வெறும் 'டாக்டர்' போதாது. துறைக்குத் துறை எதுவரை போகலாம் என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

முறிவு வைத்தியத்தில்தான் இது மிக அவசரம். பிள்ளைகள் விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தால் வீக்கம் முதல் நாள் முழுவதும் ஏறிக்கொண்டே போகும். காலையில் அளவாகக் கட்டிய மூங்கில் சிம்பு பின்னேரம் இறுக்கும். இரத்தம் போகாத தசை சில மணித்தியாலங்களிலேயே சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஆகவே கட்டியதும் நகத்தை அமத்திவிட்டுப் பார்க்க வேண்டும்: வெளுத்த நகம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். விரலை நாங்கள் நிமிர்த்தும்போது பிள்ளை வீரிட்டால், அல்லது விரல் விறைத்தால், கட்டை உடனே அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். தோல் கிழிந்த முறிவில் எண்ணெயே படக்கூடாது. எக்ஸ்ரே பாராமல் எலும்பை இழுத்துப் பொருத்தக்கூடாது. கைராசி உள்ள வைத்தியருக்கும் இந்த எல்லை ஒன்றுதான்.

விஷக்கடியில் நீளப் பேச ஒன்றுமில்லை. கண்ணாடி விரியன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. அதற்கு விஷமுறிவு ஊசி வேண்டும், அது ஆஸ்பத்திரியில்தான் உண்டு. பதிவு பெற்ற விஷகடி வைத்தியரும் முதலில் அங்கேதான் அனுப்ப வேண்டும்.

சரக்குக் கடைக்கு வருவோம். வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் வாங்க எவருக்கும் துண்டு தேவையில்லை. ஆனால் கடைக்காரர் 'என்ன வருத்தம்?' என்று கேட்டு மருந்து சொல்லத் தொடங்கினால் அவர் வைத்தியம் செய்கிறார். சீனி வருத்தத்துக்குக் கிளிக்ளசைட் குளிசை போடுபவருக்குச் சிறுகுறிஞ்சாத் தூளையும் கொடுத்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி, வேர்வையும் நடுக்கமும் வந்து ஆள் மயங்கலாம். இருமலுக்கென்று அதிமதுரத்தை நாளாந்தம் நெடுங்காலம் எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும், பிறசர் ஏறும். சலம் போகும் குளிசையும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஈசுரமூலியில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் தரும். இப்படிப்பட்ட சரக்குகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, பதிவு வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்குங்கள்.

குடிநீர்ப் (கஷாயப்) பொட்டலத்தில் சரக்கின் பெயர், வேரா பட்டையா இலையா, நிறை, பொதி செய்த திகதி எல்லாம் இருக்கட்டும். காய்ச்சும் முறையும் வேண்டும். வழமையான அளவு 12 கழஞ்சு, அதாவது ஏறக்குறைய 60 கிராம் சரக்கு. 1920 மில்லிலீற்றர் தண்ணீர் எட்டில் ஒன்றாக, 240 மில்லிலீற்றருக்கு வற்ற வேண்டும். 'தண்ணி விட்டு அவியுங்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டால் வீட்டில் சட்டியை மூடி அவிப்பார்கள், வற்றாது. அல்லது பாதியில் இறக்குவார்கள். இரண்டிலும் சொன்ன அளவுக்கு மருந்து உள்ளே போகாது. மிஞ்சியதை மறுநாள் சூடாக்கிக் குடிப்பதும் உண்டு, அதற்குள் அது புளித்திருக்கும்.

கடைசியாக, வைத்தியரிடமிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வருத்தக்காரர் கையில் ஒரு பக்கப் படிவம் இருக்கட்டும்: அடிபட்ட நேரம், கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், பூசியதும் குடிக்கக் கொடுத்ததும், அனுப்பும்போது விரல்கள் இருந்த நிலை, வைத்தியரின் பதிவிலக்கம். தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டால் நல்லது. வார்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் வாசிக்க வேண்டுமே.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துச் சித்த, பரம்பரை வைத்தியர்கள் சிலர்