திருவலை பூட்ட ஒரு விளிம்பு

கொழும்பில் தொடர்மாடி வீடுகளுக்குப் படம் வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும், அந்தப் படத்தைக் கட்டி விற்பவர்களுக்கும்,

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஆறாம் மாடியில் இருந்து எழுதுகிறேன். வங்கிக்கு இன்னும் ஒன்பது வருடத் தவணை பாக்கி. குறை சொல்ல அந்த உரிமை போதும் என்று நினைக்கிறேன். லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்கிறது. பின்னேரம் கடற்காற்று வருகிறது. எல்லாம் சரி. பிரச்சினை தேங்காய் திருவலையில் தொடங்கியது.

குடிவந்த முதல் ஞாயிறு, கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்து கொண்டுவந்த திருவலையை அம்மா வெளியே எடுத்தார். மேசை விளிம்பில் திருகிப் பூட்டிவிட்டுக் கைபிடியைச் சுற்றுகிற வகை, உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்திருக்கும். உங்கள் கிரனைட் பலகை அலுமாரியோடு அலுமாரியாக முடிகிறது. பூட்டின் கீழ்த்தாடை நுழைய அரை அங்குலம்கூட இல்லை. அம்மா நாலு பக்கமும் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைக் கீறினவை வீட்டில தேங்காய் திருவுறேல்லையோ?" என்று கேட்டார். அன்றைக்குச் சொதி பக்கெற் தேங்காய்ப்பால் மாவில்.

சமையலறை ஏழடிக்கு ஐந்தடி. விளம்பரத்தாளில் அதற்குப் பெயர் 'பென்ட்ரி'. ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் வாசலில் நின்றுதான் கதைக்க வேண்டும். குசினி என்ற சொல்லையே நாங்கள் போர்த்துக்கேயரிடம் வாங்கினோம்; அலுமாரி, மேசை, பாண், கோப்பை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. அவர்கள் 1656இல் கொழும்பை விட்டுப் போனபோதுகூடச் சொல்லை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நீங்கள் அறையையே எடுத்துவிட்டீர்கள்.

கொட்டாஞ்சேனைக் குசினி அழகான இடம் இல்லை. கூரை புகையில் கறுத்திருக்கும், மழைக்கு ஒழுகும். ஆனால் அம்மிக்குப் பக்கத்தில் ஒரு பலகை கிடந்தது. அதில்தான் நான் வளர்ந்தேன். அம்மம்மா இடியப்பத்தை எண்ணி எண்ணிச் சுளகில் அடுக்குவார். வீட்டில் ஏழு பேர், ஆளுக்கு ஆறு, நாற்பத்திரண்டு. எட்டாவதாக யாராவது வந்துவிட்டால் யாருடைய கோப்பையில் குறையப்போகிறது என்பதை அவர் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு வகுத்தல் வந்தது அங்கே. நான் இன்றைக்குக் கணக்காளராகப் பிழைக்கிறேன் என்றால் பாதிக் காரணம் அந்தச் சுளகு.

மீதி, காதில் விழுந்தவை. சீட்டுக் காசை யார் கட்டவில்லை, சீதனத்தில் யாருடைய கலியாணம் குழம்பியது, ஊரில் இருந்து வந்த கடிதத்தில் எந்த வரியை அப்பாவுக்கு வாசிக்கக் கூடாது. பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி இதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை. வெங்காயம் உரிக்கிற பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான். "ஆம்பிளைப் பிள்ளைக்குக் குசினியில என்ன வேலை" என்று பெரியம்மா ஒருமுறை கேட்டார். அம்மம்மா நிமிராமலே சொன்னார்: "அவனுக்கும் வயிறு இருக்குதெல்லே."

அங்கே ஒரு பின்வாசலும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அந்தப் படியில் இருந்துதான் முருங்கைக்கீரை ஆய்வார். உப்புக்கு லுணு, வெங்காயத்துக்கு லூனு. ஒரு நீட்டல் தவறினால் கறி கெட்டுப்போகும் என்று எனக்குச் சிங்களம் படிப்பித்தவர் அவர்தான். 1983 ஜூலை 25ஆம் திகதி, கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த கலவரத்தில், எனக்கு எட்டு வயது. வீதிப் பக்கக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, எங்கள் ஏழு பேரையும் பின்வாசலால் தன் குசினிக்குள் கூட்டிப்போனார். விறகுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு இரவு படுத்தேன். பாணும் பொல் சம்பலும் தந்தார். சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருந்தது. மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத அம்மம்மா பேசாமல் சாப்பிட்டார். அதைப்பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. உங்கள் படங்களில் வீட்டுக்கு ஒரே ஒரு கதவுதான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த ஒடுங்கிய சமையலறையின் பாட்டி, 1926இல் பிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வரைந்தது. ஏறத்தாழ 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர். பெண்களின் நடையையும் நேரத்தையும் மிச்சப்படுத்த, அளந்து அளந்து செய்தது, எண்ணம் நல்லதுதான். அதை வரையும் காலத்தில் தனக்குச் சமைக்கவே தெரியாது என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியிருந்தும், சமைத்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்க அடுத்த அறைப் பக்கம் ஓர் இழுவைக் கதவு வைத்தார். தேங்காய் திருவாத ஊரின் அகலத்தை எடுத்துக்கொண்ட நீங்கள் அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். கண்டி வட்டபுளுவவில் 1950களின் கடைசியில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்திட்டம் போட்டபோது, நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா குடிவரப்போகிறவர்களிடம் வினாத்தாள் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வரையத் தொடங்கினார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மன்னிக்கவும், கேட்டார்கள்: தரை ஓடு வெள்ளையா, சாம்பல் நிறமா என்று.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது ஞாபகம் இருக்கும். காஸ் சிலிண்டருக்கு விடிய முன்னம் வரிசை. ஏழடிக்கு ஐந்தடிக்குள் விறகு வைத்து எரிக்க முடியாது. எங்கள் கட்டடத்தில் ஏழு குடும்பங்கள் மொட்டைமாடியில் மூன்று கல் வைத்துச் சமைத்தோம். ஏழு வருடமாக லிஃப்டில் தலையாட்டியதோடு சரியாயிருந்த நாலாம் மாடி உம்மா, பருப்புக்குத் தாளிதம் முதலிலா கடைசியிலா என்று என் அம்மாவோடு வாதாடினார். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. யாருடைய அப்பா கட்டாரில், யாருடைய பாட்டிக்குச் சீனி வருத்தம், யார் கோபக்காரர் எல்லாம் அவளுக்கு ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. காஸ் வந்தது. நிர்வாகக் குழு மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டது. இப்போது அவள் தன் அறைக்குள் இருந்து "சாப்பாடு ரெடியா?" என்று எனக்கு வாட்ஸப் அனுப்புகிறாள்.

பழைய குசினியை நான் தூக்கிப்பிடிக்க வரவில்லை. அந்தப் புகை அம்மம்மாவின் நெஞ்சைத் தின்றது. அம்மாவின் முதுகு அங்கேதான் வளைந்தது. அப்பா தேத்தண்ணி கேட்பதற்கு மட்டும் எட்டிப்பார்ப்பார், அதுவும் வாசலோடு. ஆனால் ஒரே ஆள் மட்டும் நிற்கக்கூடிய அறையை வரைந்தால், அந்த ஒரே ஆள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கப்போகிறாள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சமைப்பது நான். மனைவி உதவிக்கு வந்தால் இருவரும் பக்கவாட்டில் திரும்பி, பஸ்ஸில் இறங்குகிறவர்கள் மாதிரி விலக வேண்டியிருக்கிறது.

பெரிய மாளிகை கேட்கவில்லை. வரவேற்பறையில் யாரும் உட்காராத மூலையில் இருந்து பதினாறு சதுர அடி வெட்டிக் குசினியோடு சேருங்கள். ஒரு பிள்ளை தரையில் இருக்க, ஒரு கிழவி முக்காலி போட அது போதும். பொது நடைபாதைப் பக்கம் ஒரு சின்னக் கதவோ, பாதிக் கதவோ, கிண்ணம் மாற்றும் அளவுக்காவது ஓர் யன்னலோ வையுங்கள். கருவாடு பொரித்தால் மணம் வெளியேற வழி விடுங்கள். இல்லாவிட்டால் நோட்டீஸ் ஒட்டுவதிலேயே நிர்வாகக் குழுவின் காலம் போகிறது. பலகையை அலுமாரிக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டுங்கள். செலவு என்ன வந்துவிடப்போகிறது?

வரைய முன்னம் ஒருநாள் வந்து பார்க்கலாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் பல்கனியில்தான் இருப்போம். ஒரு பழைய வாங்கை அங்கே போட்டு, அதன் விளிம்பில் திருவலையைப் பூட்டியிருக்கிறேன். மகள் கைபிடியைச் சுற்றுவாள், அம்மா பக்கத்தில் இருந்து சிரட்டை தெரிகிற இடத்தில் "போதும், கறுப்பு விழுது" என்பார், நடுவில் ஊர்க்கதை ஓடும். மழை பெய்கிற ஞாயிறுகளில் மட்டும் வரவேண்டாம். அன்றைக்கு பக்கெற் மாதான்.

இப்படிக்கு,
ஆறாம் மாடியில் இருந்து ஒருவன்