பிரம்புக் குடுவையில் இருந்த 1914

கொன்யாக்,
ஞாயிறு மாலை.

அன்பு மகனுக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. நீ தொலைபேசியை எடுப்பதில்லை என்று அக்கா நேற்று சொன்னாள். வேலை அதிகமாக இருக்கும் என்று நானே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். நேரத்திற்குச் சாப்பிடுகிறாய் அல்லவா?

சென்ற வியாழக்கிழமை செகோன்சாக்கில் ஒரு தோட்டக்காரர், கிடங்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஐந்து பேரை அழைத்து, மிகப் பழைய சரக்கை வைக்கும் ‘பராதீ’ என்ற தம் வீட்டுக் கிடங்கறையில் பிரம்பு பின்னிய கண்ணாடிக் குடுவை ஒன்றைத் திறந்தார். நம் ஊர்த் திராட்சை பிராந்தியான கொன்யாக்தான், 1914 ஆம் ஆண்டுச் சரக்கு. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளுமாகப் பறித்த திராட்சை அது. அறுபது ஆண்டுகள் ஓக் பீப்பாயில் இருந்த பிறகு கண்ணாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடிக்குள் போனபின் வயது ஏறாது என்பது உனக்குத் தெரிந்ததே. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் காற்றோடு போனால், 350 லிட்டர்ப் பீப்பாயில் அறுபது ஆண்டு கழித்து நூறு லிட்டருக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். அதில் எங்களுக்கு ஆளுக்கு இரண்டு சென்டிலிட்டர் கிடைத்தது.

அந்த இரண்டு சென்டிலிட்டருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளாஸை முதலில் மோவாய்க்கு அருகில் பிடித்தபோது உலர்ந்த ஆப்ரிகாட் வாசனை வந்தது. உள்ளங்கைச் சூட்டில் கால் மணி நேரம் வைத்திருந்த பிறகே ‘ரான்சியோ’ என்கிற அந்த முதிர்ந்த மணம் எழுந்தது. பழைய வால்நட் எண்ணெய், மழைக்குப் பின் காட்டுக் காளான், நெடுநாள் பூட்டியிருந்த மரப்பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நாக்கு நனையும் அளவுக்கே ஒரு சொட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தச் சுவை போகவில்லை.

நீ அங்கே இருந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் காளானைச் சொல்லியிருப்பாய். பத்து வயதிலேயே கிராந் ஷம்பாஞ் வட்டாரச் சரக்கையும் போர்தெரீ வட்டாரச் சரக்கையும் முகர்ந்து பிரித்துச் சொன்ன மூக்கு உன்னுடையது. அப்படிப்பட்ட நீ, டிசம்பரில் வந்திருந்தபோது, அலமாரியில் இருந்த என் பழைய பாட்டிலை விடியற்காலையில் சமையலறையில் நின்றபடியே தண்ணீர்க் குவளையில் ஊற்றி, முகர்ந்துகூடப் பார்க்காமல் குடித்தாய். நான் கதவருகில்தான் நின்றேன். அதைப் பற்றி எதுவும் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வெறும் வயிற்றோடு இருக்காதே, நேரத்திற்குச் சாப்பிடு என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஆனால் வியாழக்கிழமையில் இருந்து ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. சர்க்கரைக் கட்டியைக் கொன்யாக்கில் தோய்த்து உன் வாயில் முதன்முதலில் வைத்தவன் நான். அப்போது உனக்கு ஒன்பது வயது. அம்மா வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான் என்று அவளை அதட்டினேன். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் உன்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். நீ சரியாகச் சொன்னதும் அவர்கள் கைதட்டினார்கள். பரிசாக இன்னொரு கட்டி கொடுத்தேன். கிடங்குக்காரன் மகன் என்ற பெருமையில், உனக்குப் பழக்கியது மூக்கை மட்டுமல்ல என்பதை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவிடம் இதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். அவள் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தத் தோட்டக்காரர், மகனுக்குக் கொடுங்கள் என்று ஒரு சிறு புட்டியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வா. காரை எடுக்காதே, போர்தோவில் இருந்து ரயிலில் வந்து அங்குலேமில் மாறு, எந்த வண்டியாக இருந்தாலும் நான் நிலையத்தில் நிற்பேன். அம்மா மீன் குழம்பு வைப்பாள். அலமாரியைக் காலி செய்துவிட்டேன்.

உன் அப்பா