ஹோர்ட்டாவுக்குள் இருந்தவருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யானோஷ் புரோஹாஸ்கா ஐயா,

வணக்கம். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரில், வேற்றுக்கிரக மிருகத்தின் உடைக்குள் முதல் தடவை உங்களைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். குகைச் சுவரில் பெரிய ஓட்டை, புகை, அடிவயிற்றைக் கலக்கும் இசை எல்லாம் போட்டுக் காக்க வைத்துவிட்டு, கடைசியில் வந்து நின்றது கல்லோடு ஒட்டிக் கருகிப்போன ஊத்தப்பம் மாதிரி ஒன்று. சிவப்பும் பழுப்புமாகப் புடைப்புகள். ஓரத்தில் தரையோடு இழுபடும் குஞ்சங்கள். முகம் கிடையாது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றுகூடத் தெரியாது. உள்ளே ஒரு ஆள் முழங்காலிட்டுத் தவழ்ந்துகொண்டிருக்கிறார் என்பது மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அப்புறம் கொஞ்ச நேரத்திலேயே அந்த ஊத்தப்பத்துக்காக எனக்குத் தொண்டை அடைத்தது. அதை எப்படிச் செய்தீர்கள் என்ற யோசனை இன்னும் விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1967 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஒரு பகுதி அது. 'தி டெவில் இன் தி டார்க்' என்று பெயர். இருட்டில் இருக்கும் சாத்தான். ஜேனஸ் 6 என்ற கிரகத்தில் மண்ணுக்கடியில் பெர்ஜியம் என்ற கனிமத்தை வெட்டி எடுக்கிறார்கள். திடீரென்று ஏதோ ஒன்று பாறையைத் துளைத்துக்கொண்டு வந்து ஆட்களைக் கருக்கிக் கொல்ல ஆரம்பிக்கிறது. 50 பேர் போய்விட்டார்கள். விண்கலத்தின் கேப்டன் கர்க்கும், தொட்டே அடுத்தவர் மனதைப் படிக்கக்கூடிய வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்கும் அதைத் தேடிப்பிடித்துச் சுட வருகிறார்கள். அவர்கள் வந்த பிறகு அணு உலையின் பம்பையும் அது கழற்றிக்கொண்டு போய்விடுகிறது.

அந்தச் சாத்தான் ஒரு தாய். ஹோர்ட்டா என்று பெயர். 50,000 வருஷத்துக்கு ஒருமுறை அந்த இனமே செத்துப்போகும். ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சி முட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கும். சுரங்கக்காரர்கள் புதிதாக ஒரு தளத்தைத் திறந்தபோது, ஆயிரக்கணக்கில் கிடந்த சிலிக்கான் உருண்டைகளை வெறும் கல் என்று நினைத்து உடைத்துப் போட்டுவிட்டார்கள். அத்தனையும் அவள் பிள்ளைகள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான் ஐயா: அந்த உருண்டைகளில் ஒன்று, சுரங்கத் தலைவர் வாண்டர்பெர்க்கின் மேஜை மேல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அழகுக்கு வைத்திருக்கிறார். ஸ்பாக் அதைக் கையில் எடுத்துப் பார்த்து விசாரிக்கிறார். அது ஒன்றுக்கும் உதவாது, கீழே ஆயிரக்கணக்கில் கிடக்கிறது என்று அவர் பதில் சொல்கிறார். முதல் தடவை பார்க்கும்போது அந்தப் பேச்சு காதிலேயே விழாது. இரண்டாம் தடவை பார்த்தால் அந்த மேஜையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியாது. செத்துப்போன ஆட்களைப் பற்றி அந்த மனிதர் ஆத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் அந்தக் குழந்தை இருக்கிறது.

கர்க் ஒரு பாறைச் சரிவில் மாட்டிக்கொண்டு உங்களோடு தனியாக நிற்கும் காட்சியைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். அவர் துப்பாக்கியை உயர்த்துகிறார், நீங்கள் ஒடுங்குகிறீர்கள். தாழ்த்துகிறார், நீங்கள் கொஞ்சம் முன்னே வருகிறீர்கள். அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது, இது தன்னைக் கொல்ல வந்திருந்தால் எப்போதோ கொன்றிருக்கும் என்று. நீங்கள் உடம்பைத் திருப்பிக் காயத்தைக் காட்டுகிறீர்கள். அவர் உட்கார்ந்துவிடுகிறார். அவ்வளவுதான் நடக்கிறது. ஒரு வார்த்தை உங்களுக்குக் கிடையாது, புருவம் கிடையாது, கைவிரல் கிடையாது. முதல் பாதியில் ஆளைத் தீர்க்க வந்ததும் இதே தவழல்தான். நீங்கள் அதை மாற்றவே இல்லை. எங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டது, அதனால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

இதற்கு முன்னால் ஸ்பாக் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? இது தன் இனத்தில் கடைசியாக இருக்கலாம், கொல்லக்கூடாது என்று. கொல்லத்தான் வேண்டும் என்று கறாராக நின்றவர் கர்க். இங்கே அப்படியே தலைகீழாகிறது. நண்பன் எதிரே அந்த மிருகம் நிற்கிறது என்று தெரிந்ததும் ஸ்பாக் தொடர்புக் கருவியில் பதறுகிறார், சீக்கிரம் கொன்றுவிடுங்கள் கேப்டன் என்று. கொல்ல மறுப்பவர் கர்க். நியாயமெல்லாம் தூரத்தில் இருக்கும்வரை பேச சுலபம், நம் ஆள் மாட்டிக்கொண்டால் வேறு என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதியவர் ஜீன் கூன்.

பிறகு அந்த எழுத்து. ஸ்பாக் ஹோர்ட்டாவின் மனதைத் தொடப் பார்க்கிறார், வலி வலி என்று அலறிக்கொண்டு விலகுகிறார். அந்தத் தொடுதலில் அவள் மனிதர்களின் மொழியில் கொஞ்சம் கற்றுக்கொண்டு, பாறையில் மூன்று ஆங்கில வார்த்தைகளைப் பொசுக்கி எழுதுகிறாள்: நோ கில் ஐ. என்னைக் கொல்லாதே என்கிறாளா, நான் கொல்லமாட்டேன் என்கிறாளா? கர்க் கேட்கிறார். தெரியவில்லை என்கிறார் ஸ்பாக்.

இதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன் ஐயா, முடியவில்லை. எங்கள் மொழியில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பார். 'கொல்லாதே' என்றால் எதிரே நிற்பவன். 'கொல்லேன்' என்றால் நான். கெஞ்சலா வாக்குறுதியா என்ற சந்தேகத்துக்கு இடமே கிடையாது. தமிழ் கற்ற ஹோர்ட்டா எழுதியிருந்தால், வாலை வெட்டிவிட்டு 'கொல் இல்லை நான்' என்று மொட்டையாகத்தான் எழுதியிருக்க வேண்டும். பேசப் பழகும் குழந்தை அப்படித்தான் பேசும். எனக்கென்னவோ அவள் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று தோன்றுகிறது. மேற்கொண்டு தோண்ட எனக்கு இலக்கணம் போதாது.

வேதியியல் தெரிந்தவர்கள் சிலிக்கான் உயிர் என்றதும் உதட்டைப் பிதுக்குவார்கள். கார்பனுக்கு நேர் கீழே இருக்கும் தனிமம், மற்ற அணுக்களைப் பிடிக்க அதற்கும் நான்கு கைகள், பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைப்பது. எல்லாம் சரி. ஆனால் நாம் மூச்சை வெளியே விட்டால் கார்பன் வாயுவாகப் போய்விடுகிறது. சிலிக்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வருவது மணல். அப்படிப்பட்ட உயிர் ஒவ்வொரு மூச்சுக்கும் மணலைத் துப்ப வேண்டியிருக்கும். இருக்கட்டுமே. காயத்துக்கு மருந்தாக டாக்டர் மெக்காய் கொத்தனார் கரண்டியோடு காங்கிரீட் பூசும் காட்சிக்காக நான் வேதியியலை மன்னித்துவிட்டேன். நான் டாக்டர், கொத்தனார் இல்லை என்று அவர் எரிந்து விழுவது வேறு.

இந்தப் பகுதியே உங்களால்தான் பிறந்தது என்று உங்களோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டுடியோவுக்கு அந்த உடையைக் கொண்டுவந்து, கூனையும் மற்றவர்களையும் வெளியே அழைத்து, தரையில் ஒரு ரப்பர் கோழியைப் போட்டீர்களாம். உடைக்குள் புகுந்து, கோழிமேல் ஊர்ந்து, நீங்கள் கடந்து போன தடத்தில் வெறும் எலும்புகள் கிடந்தனவாம். கூன் உடனே போய்க் கதை எழுதிவிட்டார். பார்த்தவர் கண்ணில் பட்டது கோழி தின்னும் பூதம். உட்கார்ந்து எழுதியது பிள்ளைகளைப் பறிகொடுத்தவளின் கதை. அந்த உடையும் புதிது இல்லை. 1965-இல் 'தி அவுட்டர் லிமிட்ஸ்' தொடரின் கடைசிப் பகுதியில் பெரிய நுண்ணுயிராக வந்தீர்களே, அதையே மாற்றித் தைத்தது. இன்னொன்றையும் கவனித்தேன்: ஹோர்ட்டா பகுதி முழுக்கப் பேசும் பெண் ஒருத்திகூட இல்லை. வசனம் பேசுவது எல்லாம் ஆம்பளைகள். இருந்த ஒரே தாய் உங்கள் ரப்பருக்கு அடியில்.

இப்போது என் கதை. கல்லூரி படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு முன்னால் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டு நின்றேன். நாள் சம்பளம் 350 ரூபாய். நீங்கள் பாடகர் ஆண்டி வில்லியம்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிஸ்கட் கேட்டு வரும் கரடியாக நடித்தவர் என்று பிறகு படித்தபோது, நாம் ஒரே சாதி என்று எனக்கொரு பெருமை. கரடியின் வாய்க்குள் கறுப்பு வலைத்துணி, அது வழியாகத்தான் பார்க்கணும். எதிரே வருபவரின் மார்பு தெரியும், கால் தெரியாது. உள்ளே முந்தைய ஆளின் வியர்வை நாற்றம், அதற்கு மேல் என்னுடையது. சூப்பர்வைசர் அண்ணன் ஒரே ஒரு விதிதான் சொன்னார்: "பேசவே கூடாதுடா தம்பி. கரடி பேசினா பிள்ளைங்க பயந்துடும்."

ஐந்தாம் நாள் மத்தியானம் தலை சுற்றியது. தலையைக் கழற்ற வெளியிலிருந்து ஒரு ஆள் வேணும், பின்னால் கொக்கி. படியில் உட்கார்ந்து, யாராவது வாங்க என்று ஒரு கையைத் தூக்கினேன். கூட்டம் முழுக்க எனக்கு டாட்டா காட்டியது. இன்னொரு கையையும் தூக்கினேன். கைதட்டினார்கள், ஒருத்தர் செல்போனில் படம் எடுத்தார். ஒரு பொடியன் வந்து மடியில் உட்கார்ந்துகொண்டான். "உள்ள மூச்சு முட்டுது" என்று கத்தினேன். அத்தனை பஞ்சையும் தாண்டி அது உறுமலாகத்தான் போயிருக்கணும், அதற்கும் சிரிப்பு.

எதிர்ப்பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டிதான் எழுந்து வந்தார். பிறகு அவரிடம் கேட்டேன், எப்படிப் பாட்டி கண்டுபிடிச்சீங்க என்று. கரடிக்குப் பாதம் மட்டும் வைத்திருக்கவில்லை, என் சொந்தச் செருப்புத்தான். "செருப்பு வெடவெடன்னு ஆடுச்சுய்யா" என்றார். சூப்பர்வைசர் அண்ணனை ஏசிக்கொண்டே கொக்கியைத் தேடி எடுத்துவிட்டு, பூ நனைக்கிற தண்ணீரை என் தலையில் ஊற்றினார்.

ஆகவே உங்களுக்கு நடிப்பு தெரியும் என்பதற்கு நான் சாட்சி. நான் நிஜமாகவே செத்துக்கொண்டிருந்தேன், ஒருவரையும் நம்ப வைக்க முடியவில்லை. நீங்கள் செட்டில் பொய்யான காயத்தோடு திரும்பிப் படுத்தீர்கள், எத்தனையோ வருஷம் கழித்து மதுரையில் ஒருத்தன் மூக்கைச் சிந்துகிறான்.

முடிவு மட்டும் எனக்கு உறுத்தல். உருளைக்கட்டையும் தடியுமாகக் கொல்ல ஓடிவந்த சுரங்கக்காரர்கள் விஷயம் தெரிந்ததும் அடங்குகிறார்கள், சரி. பிறகு ஒப்பந்தம்: குட்டிகள் சுரங்கம் துளைக்கும், இவர்கள் கனிமத்தை அள்ளிக்கொள்வார்கள். கடைசியில் வாண்டர்பெர்க் பணம் கொழிக்கிறது என்று குதூகலிக்கிறார். பிள்ளைகளைக் கொன்றவர்களுக்கே பிள்ளைகள் கூலியில்லாமல் வேலை செய்கின்றன. ஹோர்ட்டாக்கள் துளைக்கும் பாறையில் பெர்ஜியம் கிடைக்காமல் போயிருந்தால் அந்தச் சமாதானம் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? கூனிடம் கேட்கலாம் என்றால் அவர் 1973-லேயே போய்விட்டார். ஆனால் ஹோர்ட்டாவுக்குத் தன் காது ரொம்பப் பிடித்திருந்தது என்று கடைசியில் ஸ்பாக் சொல்கிறார் பாருங்கள், அங்கே கோபம் போய்விடுகிறது. கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்கு இந்தப் படப்பிடிப்பின் நடுவில்தான் அப்பா இறந்த செய்தி வந்தது. இருந்தும் தனக்குப் பிடித்த பகுதி இதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போன விதத்தைப் படித்தபோது அன்று வேறு வேலை ஓடவில்லை. 1974 மார்ச் 13, ஆதிமனிதர்களைப் பற்றிய ஒரு ஆவணத் தொடருக்காகக் குரங்குமனித வேஷம் கட்டிவிட்டுத் திரும்பும் வழி. கலிபோர்னியாவில் பிஷப் என்ற ஊரிலிருந்து கிளம்பிய விமானம் கொஞ்ச நேரத்தில் மலையில் மோதி, இருந்த 36 பேரும் இறந்தார்கள். அதே தொழிலில் உங்களோடு இறங்கிய மகன் ராபர்ட்டும் அதில்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான் ஐயா. எனக்காவது கரடி வாயில் வலைத்துணி இருந்தது. ஹோர்ட்டாவுக்கு வாயே இல்லை. கர்க் துப்பாக்கியைத் தாழ்த்தியதும் காயம்பட்ட பக்கம் சரியாக அவர் கண்ணில் படும்படி திரும்பினீர்களே, எந்த ஓட்டை வழியாகப் பார்த்தீர்கள்? இல்லை, அவர் பூட்ஸ் சத்தத்தை வைத்துத்தானா?

அன்புடன்,
விளக்குத்தூண் பக்கத்துப் பழைய கரடி